அக்கா என்று அவர் கூப்பிடுவதில்லை

கீரமங்கலம்,
4.12.2024

அன்பு மகள் ஹரிணிக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கினால் பாதி பொய்யாகிவிடும். உடம்பு நலம்தான். மழை நன்றாகப் பெய்கிறது, நம் நர்சரியில் கன்றுகள் தளதளவென்று நிற்கின்றன, பிச்சையம்மாளுக்கு மூட்டுவலி குறைந்து பழையபடி பாக்கெட்டில் மண் நிரப்ப வந்துவிட்டாள். மனசுதான் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து நாலு தடவை அடுப்படிக்குப் போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ "சொல்லும்மா, சொல்லும்மா" என்று அவசரப்படுத்துவாய். பின்னால் உன் அறைத் தோழிகள் சிரிப்பது கேட்கும். நான் "ஒண்ணுமில்ல கண்ணு, சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இரண்டு மாதமாக அப்படித்தான் நடக்கிறது. காகிதம் குறுக்கே பேசாது, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் திருப்பதியைப் பற்றியது. நேற்றும் இன்றும் அவர் நர்சரிக்கு வரவில்லை. ஆறு வருஷத்தில் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனிதர். அவர் வராததற்குக் காரணம் நான்தான். நான் ஒரு கேவலமான காரியம் செய்தேன். என்ன காரியம் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்.

அப்பா போன அதே வருஷம்தான் கஜா புயல் வந்தது. நீ அப்போது பதினொன்றாம் வகுப்பு. தன் தோப்பில் ஒரு மரம் மிச்சமில்லாமல் சாய்ந்துபோய், நாற்பது தென்னங்கன்று வாங்க வந்தவர் திருப்பதி. நான் கிழிந்த நிழல்வலையோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பேசாமல் வந்து வலையின் மறுமுனையைப் பிடித்தார். அன்றைக்குப் பிடித்தவர் பிறகு விடவே இல்லை. ஆர்டர் எழுதுவது, லோடு ஏற்றுவது, வாடிக்கையாளர் சண்டையைத் தீர்ப்பது, என் கோபத்தை வாங்கிக்கொள்வது எல்லாம் அவர்தான். மேனேஜர் என்று கார்டு அடிக்கிறேன் என்றதற்கு, அசிஸ்டென்ட் என்றே போடுங்கள், அதிகாரம் பண்ண ஒரு ஆள் போதும் என்று சொல்லிவிட்டார்.

சிங்கப்பூரில் பத்து வருஷம் உழைத்து இரண்டு தங்கைகளுக்கும் கல்யாணம் செய்துவைத்தவர், தன் கல்யாணத்தைக் கோட்டைவிட்டார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இருந்தாலும் முதலாளி என்பதால் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிட்டார். நர்சரிக்கு வருகிற எல்லோருக்கும் நான் அக்காதானே. எழுபது வயது லாரி டிரைவருக்கும் நான் அக்காதான்!

போன வருஷம் ஐப்பசியில் கட்டுமாவடிக்குத் தென்னங்கன்று லோடு போனது நினைவிருக்கிறதா? இடம் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். வண்டி வழியில் நின்றுவிட்டது. மெக்கானிக் வரும்வரை நாலு மணி நேரம் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிரே கருவாடு காயப்போட்டிருந்தார்கள். திடீரென்று மழை. தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது. கன்றுகளை மூடுவதா, என்னிடம் தருவதா என்று அவர் ரொம்ப நேரம் யோசித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் என்னிடம் நீட்டி, "நனையாதீங்க" என்றார். அவ்வளவுதான். அதில் அக்கா இல்லை.

அன்றிலிருந்து அவர் என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை, ஹரிணி. முதலில் எனக்குப் புரியவில்லை. அவரிடம் இருக்கிற நர்சரி போனில் எனக்கு அழைப்பு வந்தால் முன்பெல்லாம் தேக்குப் பாத்தியிலிருந்தே "அக்கோவ்" என்று ஒரு குரல் கொடுப்பார். இப்போது அங்கிருந்து நடந்து வருகிறார். நர்சரியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை, வெயிலோ சேறோ, நடந்து வந்து எதிரே நின்று "ஒங்களுக்குப் போன்" என்கிறார். அதற்குள் போன் அடித்து ஓய்ந்துபோயிருக்கும். ஏன் இப்படி என்று ஒருநாள் திட்டவும் செய்தேன். தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்புறம் நானும் அவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். பிச்சையம்மாள், "என்னக்கா, திருப்பதிக்கு மட்டும் இப்பல்லாம் ஏச்சே விழ மாட்டேங்குது?" என்று கேட்டாள். அவளுக்குச் சேர்த்து இரண்டு பங்கு விழுந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் வந்து, ஷார்ஜாவில் ஒரு தோட்ட நிறுவனத்தில் சூப்பர்வைசர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், அநேகமாகக் கிடைத்துவிடும் என்றார். நான் "ரொம்ப சந்தோஷம், போயிட்டு வாங்க" என்றேன். அன்று முழுக்க ஒரு ரசீதுகூட ஒழுங்காக எழுத வரவில்லை.

அடுத்த வாரம் ஷார்ஜாவிலிருந்து எனக்கே போன். தமிழ்க்காரர்தான். உங்களிடம் வேலை பார்க்கிற ஆள் எப்படி, நம்பி எடுக்கலாமா என்று கேட்டார். நான் சொன்னேன்: "நல்ல மனுசன்தாங்க. ஆனா இடுப்பு வலி. கனம் தூக்க முடியாது. ரெண்டு நாள் வந்தா ஒரு நாள் வரமாட்டாரு." இதைச் சொல்லும்போது என் கண்ணெதிரே அவர் தோளுக்கு ஒரு மூட்டையாக உர மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார், ஹரிணி. வாய் தானாகப் பேசியது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தெரிந்துதான் சொன்னேன்.

அவருக்கு அந்த வேலையைத் தராமல் நிறுத்தி வைத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லையாம். அவர் வாராவாரம் புதுக்கோட்டை ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போய்வந்தார். வயதைப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போன திங்கட்கிழமை தலைக்கு மை போட்டுக்கொண்டு வந்து நின்றார். நெற்றியெல்லாம் கறுப்புத் தீற்றல். பெண்கள் எல்லாம் "மாப்பிள்ளை ரெடி" என்று கும்மாளம் போட்டார்கள். அவரும் கூடவே சிரித்தார். செய்வதைச் செய்துவிட்டு அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவரை ஷெட்டுக்குக் கூப்பிட்டு, ஷார்ஜாக்காரரிடம் நான் சொன்ன பொய்யைச் சொல்லிவிட்டேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார். நேற்று அறந்தாங்கி லோடில் தேக்குக்குப் பதிலாக மகாகனியை ஏற்றி அனுப்பிவிட்டேன். வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். இன்று மதியம் ஷார்ஜா எண்ணுக்கு நானே போன் போட்டு, நான் சொன்னது பொய், அவருக்கு இடுப்பு வலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் பொய் சொன்னீர்கள் என்று அந்தத் தமிழ்க்காரர் கேட்டார். ஆள் போய்விட்டால் எனக்குக் கஷ்டம் என்றேன். உண்மையைச் சொன்னது மனசுக்கு லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

6.12.2024

இந்தக் கடிதத்தை அனுப்பாமல் மேஜை டிராயரிலேயே வைத்திருந்தேன். இன்று காலை அவர் வந்துவிட்டார். மை பாதி வெளுத்திருந்தது. வந்ததும் வராததுமாக அறந்தாங்கிக்குப் போன் செய்து, நான் செய்த குளறுபடியைச் சரிசெய்தார். அப்புறம் என் எதிரே வந்து உட்கார்ந்தார். ஆறு வருஷத்தில் என் எதிரே நாற்காலியில் அவர் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. வேலை உறுதியாகிவிட்டதாம். இருபதாம் தேதி விமானம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாக ஏதாவது சொல்லியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

நீங்கள் போகக்கூடாது என்றுதான் என்று சொன்னேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, "அக்கான்னு கூப்பிட வாய் வரலங்க. வேற எப்படிக் கூப்பிடுறதுன்னும் தெரியல. தெனமும் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தே செத்துருவேன் போலருக்கு. அதான் கெளம்பிரலாம்னு பாத்தேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நாற்பத்து நாலு வயதுப் பொம்பளை, கன்றுக்குட்டி மாதிரி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து அவர் கேட்டது உன்னைப் பற்றித்தான். "ஹரிணிக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப டிக்கெட்டு இருக்கட்டும். பாப்பா என்ன சொல்லுதோ அதுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து லோடு பார்க்கப் போய்விட்டார்.

சாயங்காலம் உன் சித்தப்பா வந்து குதித்துவிட்டுப் போனார். யார் சொன்னார்களோ. அண்ணன் பேரைக் கெடுக்கிறீர்களா என்றார். அதற்கெல்லாம் நான் பதில் வைத்திருக்கிறேன். ஆனால் நாளைக்கு ஹரிணிக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது நாலு பேர் என்ன கேட்பார்கள் என்றார். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். அவர் உனக்குப் போன் செய்வார். அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன் சித்தப்பா என்று மட்டும் சொல்.

அப்பாவை மறந்துவிட்டாயா என்று நீ கேட்கலாம். கேட்க உனக்கு உரிமை உண்டு. மறக்கவில்லை, கண்ணு. அவரோடு போட்ட சண்டைகளை இன்னும் மனசுக்குள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் இருந்த இடத்தில் யாரையும் கொண்டுவந்து உட்காரவைக்க நான் கேட்கவில்லை. எனக்கென்று ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். இதை எழுதவே கை கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

நீ வேண்டாம் என்றால் இருபதாம் தேதி நானே திருச்சி ஏர்போர்ட் வரைக்கும் போய் அவரை வழியனுப்பிவிட்டு வருவேன். மறுநாள் நர்சரி திறக்கும். உன்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இருக்காது. ஆனால் சித்தப்பாவுக்காகவோ ஊருக்காகவோ வேண்டாம் என்று சொல்லாதே. உனக்குப் பிடிக்கவில்லை என்றால் மட்டும் சொல். அதை நான் தாங்கிக்கொள்வேன்.

போர்வை எடுத்துப்போயிருக்கிறாயா? புனேயில் மார்கழிக் குளிர் அதிகமாம். வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு முதலில். நீ என்ன சொன்னாலும் நான் உன் அம்மாதான். ஆனாலும் தங்கம், சரி என்று சொல்ல முடியுமா என்று ஒரு தடவை யோசித்துப் பார்.

உன் பதிலுக்காக வாசலிலேயே நிற்கும்
அம்மா,
புவனேஸ்வரி