துண்டுக்குள் பிடித்த விரல்கள்

என் அருமை அக்கா,

உன் மகள் அபி நேற்றுக் காலை பேரத்தில் என்னை ஜெயித்துவிட்டாள். மாடு வாங்கி விற்றே ஆளான என்னை, செந்துறைப் பக்கத்து நம் ஏரிக்குள் நிறுத்தி, ஒரு துண்டை வைத்துக்கொண்டு!

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததிலிருந்து விடிந்ததும் வற்றிய ஏரிக்குள் ஓடுகிறாள். மழைக்குப் பிறகு வரும் கிராஸ் கன்ட்ரி பந்தயங்களுக்கு இப்போதே உடம்பைத் தயார் செய்கிறாளாம். வெடித்த களிமண்ணில் நீண்ட ஓட்டம். பிறகு கரைமேட்டில் ஏற்றமும் இறக்கமும். நான் தண்ணீரோடு கரையில் நிற்பேன்.

அவள் மெதுவாக ஓடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஆடு மேய்க்கும் பெரியவர் வேறு, “என்ன யாவாரி, நம்ம கெடா முந்திடும் போலருக்கே?” என்று சிரித்தார். ஏன் இப்படி ஊர்கிறாய் என்று அவளிடம் கேட்டே விட்டேன்.

“சந்தைக்குப் போற மாட்டை வெரட்டி வெரட்டியா ஓட்டுவீங்க மாமா? நொரை தள்ளிட்டா எவன் வாங்குவான்? வெயில்ல மெதுவாத்தான் தெம்பு சேக்கணும். மழைக்கப்புறம் அந்தக் கெடாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க.”

இந்த வாய் யாரிடமிருந்து வந்தது? உன்னிடமிருந்துதானே?

திருச்சிக் கல்லூரி ஒன்றில் விளையாட்டு விடுதியோடு இடம் கிடைத்திருக்கிறது. நான்தான் பிடி கொடுக்காமல் இருந்தேன். “கண்ணு முன்னாடியே வச்சுக்கடா” என்று ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகச் சொன்னது காதிலேயே நிற்கிறது. உள்ளதைச் சொன்னால், அவள் இல்லாத வீட்டை நினைக்க எனக்கும் தைரியமில்லை.

நேற்று ஓடி முடித்ததும் வியர்வை துடைத்த துண்டை என் கைமேல் போட்டாள். துண்டுக்கடியில் விரல் பிடித்து நாங்கள் மாட்டுக்கு விலை பேசுவதைப் பார்த்தே வளர்ந்தவள் இல்லையா?

“ஒரு விரலுக்கு ஒரு வருஷம் மாமா. எத்தனை வருஷம் அனுப்புவீங்க?”

ஒரு விரலைப் பிடித்தேன். உதறினாள். இரண்டு பிடித்தேன். “போங்க மாமா, இது அடிமாட்டு வெலை” என்று சொல்லி, என் மூன்று விரல்களைச் சேர்த்து இறுக்கினாள். எந்தச் சந்தையிலும் அப்படியொரு பிடியை நான் கண்டதில்லை. விடுவித்துக்கொள்ள மனசு வரவில்லை. பெருமையாக இருந்தது அக்கா.

உன் வார்த்தையை மீறுகிறேன். கோபமா?

துண்டுக்குள் முடிந்ததை வெளியே சொல்வது எங்கள் வழக்கமில்லை. உன்னிடம் மறைப்பேனா? மூன்று வருஷம் திருச்சி விடுதி. மாதம் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வர வேண்டும். கோடை முழுக்க ஓட்டம் நம் ஏரியில், என் கண் முன்னாடியே.

அபிக்கு மாமனும் உனக்கு மாறாத தம்பியுமான,
முருகேசன்