சுண்ணாம்புக்கு அடியில்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. எங்கள் டவுன்ஷிப்பின் பழைய குவார்ட்டர்ஸ் எட்டு வீடு: இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா? எதில் சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைவு? கணக்கு என் தலையில். சிமெண்ட் ஆலைப் புகை, கம்பி, லாரி டீசல், பராமரிப்பு, கடைசியில் இடித்த குப்பை போகுமிடம் வரை எல்லாம் சேர்க்க வேண்டும்.

கான்கிரீட்டில் தெம்பு இருந்தால்தான் பழுது பார்க்கலாம். சுத்தியல் கருவியால் தட்டினால் எண் காட்டும்; எண் கூடினால் உறுதி. எட்டு வீட்டுக் கூரையிலும் மோசமான எண். ‘இடிக்கலாம்’ என்று போன வாரமே ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி கதிரேசன் சார் கையெழுத்தும் போட்டாச்சு. மனசுக்கு என்னவோ போல. அத்தனை கான்கிரீட்டும் குப்பைக்கா?
வாங்க: தேங்காய், பேனா ரீஃபில்.

ஜூன் 10, செவ்வாய்
ரிப்போர்ட்டில் சேர்க்கப் படம் எடுக்க மறுபடி மூன்றாம் வீடு. ஏணி பிடிக்க அஞ்சலை அக்கா. ஒப்பந்தச் சித்தாள், ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். நான் தட்டிக் காட்டியதும் அண்ணாந்து பார்த்தார்.
“இன்னா மேடம், சுண்ணாம்பத் தட்டிக்கினு கான்கிரீட்டு சரியில்லன்றீங்க?”
“சிமெண்ட் பூச்சே இல்லாத கூரை அக்கா இது.”
“பூச்சு இல்லதாங்க. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ள அடிச்சிருக்காங்களே! எத்தினி பொங்கலு!”
கொத்துக்கரண்டியால் சுரண்டினார். வெள்ளை, நீலம், மறுபடி வெள்ளை. தோசை கனத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அடியில் சாம்பல் நிறக் கான்கிரீட். தட்டினேன். எண் எகிறியது.

ஐயோ! இதே டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா வெள்ளையடிக்க வாளி தூக்கியவள். கூரை என்றாலே வெள்ளை என்று கண்ணுக்குப் பழகிப்போயிருக்கிறது. புத்தி எங்கே மேயப் போனதோ.

ஜூன் 11, புதன்
மேகம். மழை இல்லை. என் கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பது கதிரேசன் சார் கையில்.
அம்மா: “வாயை மூடிக்கிட்டு இருடீ. பெர்மனென்ட் ஆளுங்களே தப்பு பண்றாங்க.”
மூடிக்கொண்டால் எட்டு வீடும் தூள். புதுச் சிமெண்ட், புதுப் புகை. எல்லாம் என் தப்பால். சொல்லத்தான் வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்
சொல்லிவிட்டேன். “சார், நான் சுண்ணாம்பைத் தட்டியிருக்கேன்.”
கண்ணாடியைக் கழற்றினார். “எதை?”
திட்டு. நல்ல திட்டு. வராந்தா வரை கேட்டிருக்கும். பிறகு ரிப்போர்ட்டைப் புரட்டி, “நானும்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். எட்டு வீட்லயும் சுரண்டிப் பாருங்க. நாளைக்கு நானும் வர்றேன்.”
கான்ட்ராக்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி
ஏழு வீட்டில் எண் நல்லது. எட்டாவதில் குளியலறைக் கூரை மட்டும் மோசம், அதைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். உள்ளே கம்பி எப்படி? துளை போட்டு மருந்து தெளித்தோம். ரோஸ் நிறமானால் கம்பி பத்திரம், மாறாவிட்டால் துரு பிடிக்கும். மேலாக ஒரு விரல் அகலம் மாறவில்லை. கம்பி இருக்கும் ஆழத்தில் பளிச்சென்று ரோஸ்!
அஞ்சலை அக்கா: “அய்ய, பஞ்சு முட்டாய் கலரு!”
சார் ஏணியில் நின்றபடியே, “கணக்கைத் திருப்பிப் போடுங்க. பழுது பார்த்தா எவ்வளவு கேடு குறையுதுன்னு முழுசா வேணும்.”
“எப்ப வேணும் சார்?”
“நிதானமாப் போடுங்க. அடுத்த மாசமும் இங்கதானே இருப்பீங்க.”