இன்ஹோ அம்மாவின் பெயர்

புசான்
9 மார்ச் 1984

இன்ஹோ அப்பாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. காய்ச்சல் வந்தது, இன்ஹோ போய்விட்டான். உங்கள் அண்ணன் மலைக்கு எடுத்துப் போய்ப் புதைத்தார். அவன் சட்டை இன்னும் கொடியில் கிடக்கிறது. எடுக்கத் தோன்றவில்லை.

இன்று சந்தைக்குப் போனேன். மீன்காரி கூப்பிட்டாள்: "இன்ஹோ அம்மா! நீ வராம என் கானாங்கெளுத்தியெல்லாம் கண்ண மூடாம காத்துக் கெடக்குது பாரு!" சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்துக் கடைக்காரியிடம், "இவ பேரு என்னடி?" என்று கிசுகிசுத்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

மீன் வாங்கி வந்தேன்.

இன்ஹோ அம்மா

பாகோ பாகோ துறைமுகம்
2 ஏப்ரல்

இன்ஹோ அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சூரை மீன் நன்றாகப் படுகிறது. கப்பல் சமையல்காரர் தன் பங்குக் கிம்ச்சி ஊறுகாயை என் கிண்ணத்தில் தள்ளி, "தின்னுடா, இந்த மூஞ்சிக்கு எந்த மீனும் தூண்டில கடிக்காது" என்றார். தின்றேன். ஒப்பந்தம் முடியாமல் கப்பலை விட்டு இறங்க முடியாது. நீ வேளைக்குச் சாப்பிடு.

இன்ஹோ அப்பா

புசான்
6 மே

இன்ஹோ அப்பாவுக்கு,

வாசலில் உங்கள் பெயர்ப்பலகையைத் துடைத்தேன். பள்ளியில் படித்த சீன எழுத்து ஒன்று நினைவுக்கு வந்தது. 名, பெயர். மேலே அந்தி நிலா, கீழே வாய். இருட்டில் எதிரே வருபவருக்கு முகம் தெரியாது. நான் இன்னார் என்று வாயால்தான் சொல்ல வேண்டும். அப்படிப் பிறந்த எழுத்தாம்.

அடுத்த கடிதத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரு தடவை போதும். நான் இருக்கிறேனா என்று தெரியவேண்டும்.

இன்ஹோ அம்மா

பாகோ பாகோ
11 ஜூன்

இன்ஹோ அம்மாவுக்கு,

உன் பெயரை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நான் அவன் முகம் பார்க்கவில்லை, மண் போடவில்லை. உன்னை இப்படிக் கூப்பிடும்போதுதான் அவன் எனக்கு இருக்கிறான். அதையும் விடச் சொல்லாதே.

இன்ஹோ அப்பா

புசான்
20 ஜூலை

தொக்மான்,

நீங்கள் கேட்டது நியாயம். அவன் உங்களிடமே இருக்கட்டும். சட்டையை இத்துடன் அனுப்புகிறேன். வெயிலில் நிறம் போய்விட்டது.

நாளை அக்கா ஊருக்குப் போகிறேன். திரும்பி வரமாட்டேன். சாவியை மீன்காரியிடம் கொடுக்கப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது.

"யாரது, இருட்டுல?" என்றாள்.

சொன்னேன்.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே?" என்று விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். "அட, நீயாம்மா!"

சுரியோன்