எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்

என்னங்க,

போனில் சொன்னால் தாரிணி காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

இங்கே ஹனோவர் பல்கலைக்கழகத்தில் இன்னும் அந்தச் சீனப் பிள்ளைகளின் கேள்வித்தாள்களோடுதான் இருக்கிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று நகரத்துப் பிள்ளைகளையும் கிராமத்துப் பிள்ளைகளையும் கேட்டு ஒப்பிடுகிற வேலை. நகரத்துப் பிள்ளைகள் தூக்கம் வரவில்லை, பரீட்சை பயம் என்று குறிக்கிறார்கள். பெற்றவர்கள் வேலைக்கு வெளியூர் போய்விட்ட கிராமத்துப் பிள்ளைகள் சிலர், எல்லாக் கேள்விக்கும் "ஒன்றுமில்லை" என்றே குறித்திருக்கிறார்கள். அப்படி ஒரே பதிலாக இருந்தால், கேள்வியைப் படிக்காமலே நிரப்பியது என்று ஒதுக்கிவிடுவோம். இன்று ஒதுக்க எனக்குக் கை வரவில்லை.

"மனசுக் கஷ்டமெல்லாம் டவுன் பிள்ளைங்களுக்கு வர்றது, நம்ம ஊர்ல ஏது?" என்றீர்கள், முன்பு இந்த வேலையைப் பற்றிச் சொன்னபோது. இருக்கலாம்.

காலையில் வீடியோவில் தாரிணியிடம் சாப்பிட்டாயா என்று கேட்டேன். "நல்லாருக்கேன்மா" என்றாள். பள்ளிக்கூடம் எப்படி என்றேன். "நல்லாருக்கேன்மா." இந்த வெயிலில் எதற்கு முழுக்கைச் சட்டை என்றேன். அதற்கும் "நல்லாருக்கேன்மா"தான்.

ஜூலைக்கு முன்னால் எனக்கு லீவு கிடைக்காது. இங்கிருந்து என்னால் கேட்கத்தான் முடிகிறது. நீங்கள் ஒன்றும் கேட்காதீர்கள். டிவியை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். அவளாகக் கையைக் கொடுத்தால், அதில் எதைப் பார்த்தாலும் சத்தம் போடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

தாரிணி அம்மா