அப்பா போட்ட கோடு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. எங்கிருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இரு. உன் முகவரியை உன் சிநேகிதர் வெல்டர்தான் கொடுத்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாம். அவர்மேல் கோபப்படாதே. இரண்டு மாதம் நான் நச்சரித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் சைக்கிளை வெட்டிவிட்டோம்.

அப்பாவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், எனக்கு மட்டும் புரியும். நான் சலவைக்கூடத்தில் சேர்ந்தேன். விடுதிகளிலிருந்து படுக்கை விரிப்புகளை எடுத்துவந்து, துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தலையில் ஒரு மூட்டைக்கு மேல் தூக்க முடியாது. ஒரு நாளைக்கு எட்டு நடை. அதற்குள் இங்கே அப்பா தனியாகக் கிடந்து, கூப்பிடவும் முடியாமல், படுக்கை நனைந்து... வேண்டாம், அதை எழுதவில்லை.

வெல்டர்தான் யோசனை சொன்னார். சைக்கிளின் முன்பக்கத்தை வெட்டித் தள்ளிவைத்து, நடுவில் நீளமாக இரும்புக் குழாய் கொடுத்துப் பற்றவைத்தால், ஒரு ஆள் கால் நீட்டி உட்காரும் அளவுக்குப் பெட்டி வைக்கலாம், ஐந்து மூட்டை ஏறும் என்றார். முன்னால் சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் சக்கரம், ஹேண்டிலிலிருந்து அதைத் திருப்ப ஒரு கம்பி. எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. அப்பாவிடம் யார் சொல்வது?

உனக்குத் தெரியாது. நீ போனதிலிருந்து, படுக்கையில் விழும்வரை, ஞாயிறு தவறாமல் அந்த சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வைப்பார். என்னைத் தொட விடமாட்டார். ஏனென்று கேட்டால், துருப்பிடித்தால் இரும்பு வீண் என்பார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஏழு வருஷம்.

நாங்கள் பேசியது உள்ளே கேட்டிருக்கிறது. கொண்டுவரச் சொன்னார். கட்டில் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். வலது கையால் சைக்கிளின் குழாயை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சாக்பீஸ் கேட்டார். தொழிற்சாலையில் முப்பது வருஷம் குழாய் பொருத்திய கை அது. கோடு கோணலாகப் போக, கட்டைவிரலால் அழித்துவிட்டு மறுபடி போட்டார். இங்கே வெட்டு, வெல்டு நிக்கும் என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அண்ணன் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டுவிட்டேன். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, அவன் வந்தா புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன் என்றார். வெல்டர் எழுந்து வெளியே போய்விட்டார்.

வண்டி தயாரான முதல் நாள் எனக்கு வளைக்கத் தெரியாமல் சாக்கடையில் விட்டேன். பெட்டியில் தலையணை வைத்து அப்பாவைத்தான் உட்காரவைத்திருந்தேன். திட்டுவார் என்று பயந்தால், பாதி வாயால் சிரிக்கிறார். வண்டியின் நீளத்தைப் பார்த்துத் தெருவில் எனக்குக் கப்பல்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரைத் தனியாக விடவில்லை. மூட்டைகளுக்கு நடுவே அவரும் எல்லா நடையும் வருவார். எதிரே உன் வயதில் யார் வந்தாலும் தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்ப்பார். நான் மெதுவாக மிதிப்பேன்.

மூன்று வாரமாக அவரால் உட்கார முடியவில்லை. மறுபடியும் ஒருமுறை பக்கவாதம் வந்துவிட்டது. இனி ஆஸ்பத்திரிக்கு அழைத்துவர வேண்டாம், பிடித்ததைக் கொடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொள் என்று டாக்டர் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இந்த வாசலை மிதிக்காதே என்று அன்றைக்கு அவர் சொன்னதை நானும்தான் கேட்டேன். தப்பில்லை என்று சொல்லவரவில்லை. அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டார், இப்போது கேட்க நினைத்தாலும் பேச்சு வராது. நீயும் கேட்க வேண்டாம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும்.

காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. வருகிறேன் என்று ஒரு வரி எழுதிப் போடு அண்ணா. வர முடியாவிட்டாலும் வருகிறேன் என்றே எழுது. நான் படித்துக் காட்டிவிடுகிறேன்.

உன்னையே எதிர்பார்த்திருக்கும்,
தங்கை