ஆறு மணிக்கு உருவிய கார்டு

பிப்ரவரி 10, திங்கள்

இன்று என் ஒருவனால்தான் எங்கள் சீஸ் ஆலை இந்த நூற்றாண்டுக்குள் காலடி வைத்தது. பால் சூடேற்றும் எந்திரத்தின் சூட்டை வட்டத் தாளில் முள் கிறுக்கும் பழைய பெட்டி போயிற்று. திரை வைத்த புது ரெக்கார்டர் வந்தாயிற்று. கையேடு இருநூறு பக்கம், நானூறு என்றே வைத்துக்கொள்வோம். எட்டாவதோடு நின்ற நான், காபி ஆறுவதற்குள் படித்து முடித்தேன் (படங்களை). 'தானாகச் சேமி' என்ற இடத்தில், தினமும் காலை ஆறு மணி என்று வைத்தேன். அந்த நேரத்தில் முந்தைய நாள் சூட்டுக் கணக்கு மெமரி கார்டில் தானே போய் உட்கார்ந்துவிடும். பெட்டிக்குள் முப்பது நாள்தான் நிற்கும்; பிறகு பழசின் மேல் புதுசு ஏறும்.

"வெர்னான், உனக்கு இதெல்லாம் தெரியுமாய்யா?" என்றார் முதலாளி ஆல்வின்.

"இதைக் கண்டுபிடிச்சவனுக்கே ரெண்டு சந்தேகம் தீத்து வெச்சவன் நான்" என்றேன். ஆலையே கை தட்டியது. சரி, இரண்டு பேர்.

பிப்ரவரி 12, புதன்

இருபத்தாறு வருஷம் காலை ஆறு மணிக்குத் தாளை உருவி, பின்புறம் கையெழுத்துப் போட்டு ஆணியில் மாட்டிய கை இது. புத்தாண்டிலிருந்து என் வேலை ஏழு மணிக்குத்தான். ஆனால் கை கேட்கிறதா? ஆறுக்கு இரண்டு நிமிஷம் முன்பே போய்க் கார்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். காபி குடித்துவிட்டு, ஆறு இருபதுக்குத் திரும்பவும் சொருகல். இந்த மாநிலத்திலேயே இவ்வளவு ஒழுங்கானவன் வேறு கிடையாது.

மார்ச் 7, வெள்ளி

காலை முறையில் எந்திரம் ஓட்டுபவள் ட்ரூடி, என் தங்கை மகள். அதற்கு லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது.

"மாமா, திரை மூலைல செவப்பா ஏதோ மின்னிக்கிட்டே இருக்கே?"

"அது அதோட நாடித்துடிப்பும்மா. செவப்பு இருந்தா உசுரோட இருக்குன்னு அர்த்தம்."

"நீங்க சொன்னா சரிதான்" என்று சிரித்தாள். கையேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். வெள்ளிக்கிழமை, பொரித்த மீன், பிராந்தி. பார்க்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

மாநில ஆய்வாளர் வந்தாள். தேவாலய விருந்தில் ஒன்பது பேருக்கு வயிறு கெட்டிருக்கிறது. அங்கே வைத்த சீஸ் நம்முடையது, மார்ச் 4-இல் செய்தது. பாலில் கிருமி சாகும் அளவுக்குச் சூடு ஏறியதா என்று பார்க்க, அன்றைய சூட்டுக் கணக்கைக் கேட்டாள். கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள்.

காலி. ஒரு வரிகூட இல்லை.

பெட்டிக்குள் மார்ச் 17-க்கு முன்னால் எல்லாம் அழிந்துவிட்டது. மிச்சத்தை ஆய்வாளர் நகலெடுத்துக்கொண்டாள். பெட்டி இன்னொன்றும் சொன்னது: தினமும் காலை 5:58-க்குக் கார்டு வெளியே எடுக்கப்பட்டிருக்கிறது.

"அந்த நேரத்துல அங்க யாரு இருப்பா?" என்றார் ஆல்வின். எல்லோரும் ட்ரூடியைப் பார்த்தார்கள்.

"நான் எடுக்கல" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். நான் சீக்கிரம் வருவது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"வெர்னான், நீ தொட்டியா?"

"அமைச்சுக் கொடுத்ததோட சரி" என்றேன். என் வாய்தான் சொன்னது. அவள் என்னையே பார்த்தாள். நான் தரையில் ஓடும் தண்ணீரைப் பார்த்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

ட்ரூடியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லைசென்ஸ் போகலாம்.

ஏப்ரல் 19, சனி

கையேட்டைப் படித்தேன். நிஜமாகவே, காலையிலிருந்து பொழுது சாயும்வரை. 131-ஆம் பக்கம்: குறித்த நேரத்தில் கார்டு உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் சேமிப்பு நடக்காது, சிவப்புக் குறி வரும். நானே ஆறு மணி என்று வைத்தேன், நானே ஆறு மணிக்கு உருவினேன். நாடித்துடிப்பாம். தூ.

தங்கை போன் செய்தாள். "அண்ணே, ட்ரூடி சூட்டைக் கொறச்சு ஓட்டிட்டு, அதை மறைக்கத்தான் கார்டைப் பிடுங்கிட்டாளாம்னு ஊரே பேசுது. நீதானே அந்தப் பெட்டிக்கு ராஜா? ஒரு வார்த்தை சொல்லேன்!"

"சொல்றேன்" என்றேன். என்னத்தச் சொல்ல — எவன்கிட்டச் சொல்ல?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

தங்கை வீட்டு விருந்துக்குப் போகவில்லை. முதுகுவலி என்றேன். முதுகுக்கு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

ஆல்வின் அறைக்குப் போகும் வழியெல்லாம் ஒரு மின்னலைத் தயார் செய்துகொண்டே போனேன். மின்னல் இறங்கியது, பெட்டி குழம்பியது, நேரில் பார்த்தவன் நான் என்று. அவர் மேசையில் ட்ரூடி சூட்டைக் குறித்து வைக்கும் நோட்டு விரிந்து கிடந்தது. மார்ச் 4: கால்மணிக்கு ஒரு தடவை, 163, 163, 164 டிகிரி ஃபாரன்ஹீட் (161 இருந்தாலே போதும்), அவளுடைய குண்டுக் கையெழுத்தில். அவளே எழுதியது, அதனால் யாரும் நம்பாதது. மின்னலை அங்கேயே விட்டுவிட்டேன்.

"நான்தான் எடுத்தேன். தினமும். மறைக்க இல்ல, பழக்கம். தாள் மாத்தற நேரம் அது."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்குக் கேட்டேனே, ஏன்யா சொல்லல?"

 

மே 2, வெள்ளி

சோதனை முடிவு வந்தது. விருந்தைக் கெடுத்தது பன்றி இறைச்சி சாலட். நம் சீஸ் சுத்தம். ஆனால் கணக்கு இல்லாத நாள்களின் சீஸை விற்கக்கூடாதாம். கிடங்கில் மிச்சமிருப்பது எல்லாம் பன்றிகளுக்கு. என்னைக் கழுவும் பகுதிக்கு மாற்றியாயிற்று. வண்டியில் ஏற்றுவதும் என் வேலை.

ட்ரூடி இந்தத் திங்களே வேலைக்குத் திரும்பிவிட்டாள். ரெக்கார்டரை அவள்தான் மாற்றி அமைத்தாள்: மணிக்கு ஒரு தடவை சேமிப்பு, கார்டுக்குப் பூட்டு. நாலு நாளாக என்னோடு பேச்சில்லை. இன்று நான் தனியாக இழுத்துக்கொண்டிருந்தபோது வந்து கையுறை மாட்டி, சீஸ் கட்டியின் மறுமுனையைப் பிடித்தாள்.

"தூக்குங்க மாமா."

 கட்டி ஒன்று நாற்பது பவுண்டு. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு என்று சொன்னேன். அவள் வண்டியில் ஏறி, முதலிலிருந்து தானே எண்ணினாள். நான் கீழே நின்றேன்.

நூற்றுப் பன்னிரண்டுதான்.