பிடிக்காத வாய்தா

மாண்புமிகு அப்பாவுக்கு,

நம் வீட்டுப் பூனை தங்கள் கறுப்பு அங்கியின்மேல் மூன்று குட்டிகள் ஈன்றிருப்பதை இந்த நீதிமன்றத்துக்குப் பணிவன்புடன் அறிவிக்கிறேன்.

வக்கீலாக வாதாடியதும், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத்தில் விவசாயிகளுக்காகச் சண்டை போட்டதும், நீதிபதியாகத் தீர்ப்பு சொன்னதும் உங்கள் வாய்தான். அந்த வாய்க்குப் பிடிக்காதது வாய்தா. "கேட்டதும் குடுக்க இதென்ன மிட்டாயா?" என்று வக்கீல்களை விரட்டுவீர்கள்.

இப்போது அந்த வாயில் மூச்சு இயந்திரத்தின் குழாய். இனிப் பயனில்லையாம், வெள்ளிக்கிழமை எடுத்துவிடுவார்களாம்.

"நீ வராதடா, தாங்கமாட்ட," என்றாள் அம்மா.

"நானா? ஜட்ஜ் பெத்த புள்ளம்மா, கல்லு மாதிரி நிப்பேன்," என்றேன்.

பொய், அப்பா. அங்கியை அலமாரியிலிருந்து எடுத்துவந்தது நான்தான். பூனை படுக்கும் முன்பே அது நனைந்திருந்தது. ஒரே ஒரு வாய்தா கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு நிரந்தரக் குற்றவாளி